மெஷின் கம்ப்ளைன்ட்

உதியன்குளங்கரை ஜங்ஷனில் இருந்த கிரகோரியின் ஸ்டுடியோவில் ஒரு ஜப்பான் கேமரா இருந்தது. அதைப் போல ஒரு சீக்காளி நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் கிடையாது. கல்யாண வீட்டில் பெண்ணுடைய சித்தப்பா குடும்பத்தோடு நின்ற படம் வரவில்லையா? மெஷின் கம்ப்ளைன்ட். பேத்தி முதல் நற்கருணை வாங்கிய ஆதிகுர்பானைக்குக் கோட்டுகாலிலிருந்து பஸ் மாறி வந்த பாட்டாவின் படம் வரவில்லையா? மெஷின் கம்ப்ளைன்ட். ஆனால் அந்தக் கேமராவுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. காரில் வந்து இறங்குகிறவர்களைக் கண்டால் அதற்கு ஒரு நோவும் வராது. நடந்து வருகிறவர்களைக் கண்டால்தான் காய்ச்சலும் இருமலும் எல்லாம்.

ஸ்டுடியோவில் படம் எடுப்பது கிரகோரியின் வேலை. வருத்தப்படுவது அவனுடைய மனைவி ஜெம்மாவின் வேலை. பூவாறு கடற்கரையில் பிறந்தவள். கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்து பழகிய முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் கவுண்டருக்குப் பின்னால் நின்று, "எனக்கும் சங்கடமாட்டுதான் இருக்கு அக்கா, மெஷின் கம்ப்ளைன்ட் ஆயிப்போச்சு" என்று சொன்னால், சண்டைக்கு வந்தவர்கள் அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"ஒனக்க மொகம் இருக்கே, அது கடைக்கு ஒரு முதலாக்கும்" என்பான் கிரகோரி. கல்யாணமான இந்த ஆறேழு வருஷத்தில் அவள் முகத்தைப் பற்றி அவன் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

கல்யாண வீடுகளில் அவன் வெறும் பிளாஷ் அடிப்பது ஜெம்மாவுக்குத் தெரியும். அது தொழிலில் உள்ளதுதான். பெண் மாப்பிள்ளையோடு நின்று படம் எடுக்காவிட்டால் சொந்தக்காரர்கள் சாப்பிடாமல் போய்விடுவார்கள். எல்லாரையும் எடுத்தால் பிலிம் தாங்காது. அதனால் முகத்துக்கு நேரே கேமராவைப் பிடித்து, பிளாஷின் முதுகில் இருக்கும் சின்னப் பொத்தானைப் பெருவிரலால் அமுக்கினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும். ஷட்டர் அசையாது. சத்தம் வேண்டுமே, அதற்கு கிரகோரி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டக்' என்று ஒன்று விடுவான். முகத்தில் வெளிச்சம் விழுந்துவிட்டால் சனங்களுக்கும் திருப்தி. நேராகப் பந்திக்குப் போய்விடுவார்கள். கல்யாண நெரிசலில் எல்லா ஊரிலும் செய்வதுதானே என்று ஜெம்மா நினைத்துக்கொள்வாள். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது மற்ற சில்லறைப் பாவங்களோடு அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் வைகாசியில் சர்ச்சிலிருந்து கொடைக்கானல், ஊட்டி, மைசூருக்கு ஒரு டூர் போனார்கள். டூருக்குக் கன்வீனர் வேதமாணிக்கம் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். சபையில் எந்தக் காரியத்துக்கும் கன்வீனர் அவர்தான். கன்வீனர் வேண்டாத காரியத்துக்கும் அவர்தான். அவர் கிரகோரிக்கு முன்வரிசையில் ஒரு ஓசி சீட் கொடுத்து, "நம்ம யாத்திரை முழுக்கப் படமா வரணும் கேட்டியா" என்றார். 'நம்ம' என்று அவர் சொன்னது யாரை என்பதைக் கிரகோரி சரியாகவே புரிந்துகொண்டான்.

டூர் முடிந்து வீடியோ கோச் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கிரகோரியின் முகத்தில் ஜெம்மா அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது.

"ஜெம்மா, மெஷின் கம்ப்ளைன்ட்!"

"இஞ்ச யாரும் இல்ல. எனக்கிட்ட எதுக்கு சொல்லுதிய?"

"சத்தியமாட்டு கம்ப்ளைன்ட். ஊட்டி பூங்காவுல வச்சு பிளாஷுல இருந்து புகை வந்துது. கேமராவுக்க லிவரும் அசைய மாட்டேங்குது. ரோல் உள்ள மாட்டிக்கிட்டு!"

வருஷக்கணக்கில் சொல்லிவந்த பொய் ஒருநாள் உண்மையாகி வாசலில் வந்து நிற்கும்போது மனுஷனுக்கு எவ்வளவு நிம்மதி! பொய் சொன்ன குற்றமே கழுவிப் போனதுபோல அவன் அன்று இரண்டு கப்பு காப்பி குடித்தான்.

கொடைக்கானல் ரோல் முன்னமே முடிந்திருந்ததால் அதைக் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாயிற்று. அதில் தங்கள் முகம் இல்லாதவர்கள் எல்லாரும் கவுண்டருக்கு வந்தார்கள். "உள்ள மாட்டிக்கிட்ட ரோல்ல இருக்கு" என்றாள் ஜெம்மா. இந்த முறை அவள் நம்பித்தான் சொன்னாள். கொஞ்ச நாளில் அந்த ஒரு ரோலுக்குள் டூர் போன பஸ் முழுவதும், டிரைவரும் கிளீனரும் உட்பட, நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. முப்பத்தாறு படத்துக்குள் இத்தனை பேர் எப்படி அடங்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பஸ்ஸிலும் அப்படித்தானே அடங்கினார்கள்!

வந்தவர்களில் ஒருத்தி விஜயம்மா. கிணறு வெட்டும் ராஜையாவின் மனைவி. திருப்புறத்தில் வீடு. வாய் மூடாத மனுஷி. அவள் கடைக்குள் நுழைந்தால் பக்கத்துத் தையல் கடையில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்காது.

"மக்கா, நானும் அவரும் பூவுக்கப் பக்கத்துல நின்னு ஒண்ணு எடுத்திருக்கு. சம்மதிக்க வச்சதுக்கு நான் பட்ட பாடு! ரோல் எப்ப வந்தாலும் அதை சட்டம் போட்டு வச்சிரணும், கேட்டியா. எனக்க கல்யாணத்துக்கு போட்டோக்காரன் வரல்ல. பேப்பர்காரன் வந்து எடுக்க மாதிரி மூஞ்சியும் இல்ல. அடையாள அட்டைக்கு எடுத்த அன்னைக்கு நான் கோட்டுகாலுல எனக்க அண்ணனுக்க வீட்டுல. இது ஒண்ணுதான் பாத்துக்கோ."

"சட்டம் போட்டே தாறேன் அக்கா" என்றாள் ஜெம்மா.

அடுத்த மாதம் விஜயம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. பச்சிலை கொடுத்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோன ஜீப்பிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் ராஜையா ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். வேலைக்குப் போய்விட்டு வருகிற வழி. முழங்கால் வரை செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே வந்தால் தரை அழுக்காகும் என்று படியிலேயே நின்றார். அவர் பேசி ஜெம்மா அதிகம் கேட்டதில்லை. விஜயம்மா இருந்தவரைக்கும் அதற்குத் தேவையும் வந்ததில்லை.

"எனக்க வீட்டுக்காரிக்க படம் ஒண்ணு உங்க மெஷினுக்குள்ள கெடக்குல்லா."

"உண்டு அண்ணா."

"வேற ஒண்ணும் இல்ல பாத்துக்கோ. தலைமாட்டுல வச்சு ஜெபம் சொல்லணும்னா சிலுவை மட்டும்தான் இருக்கு. மோந்திக்கு வெளக்கு கொளுத்திப் பாக்கச்சில... மொகம் மறந்துபோவுமோன்னு ஒரு இது."

"நான் தாறேன் அண்ணா. எனக்க பொறுப்பு" என்றாள் ஜெம்மா.

உள்ளே கிரகோரி ஒரு சொம்புத் தண்ணீரை நிற்காமல் குடிப்பது கேட்டது.

அன்று சாயங்காலம் அவன் கேமராவை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போனான். ஜெம்மா எட்டிப் பார்த்தபோது, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நின்று, கேமராவின் பின்மூடியில் நகத்தை வைத்து நெம்பிக்கொண்டிருந்தான்.

"என்ன செய்யுதிய?"

"சும்மா... உள்ள என்னன்னு பாக்கேன்."

"வெளிச்சம் பட்டா ரோல் போவுமே! ராஜையாண்ணனுக்க படம் உள்ள கெடக்குல்லா?"

"அது... ஒரு ஞாபகம் இல்லாம..."

ஸ்டுடியோ வைத்து நடத்துகிறவனுக்கு அந்த ஞாபகம் இல்லையென்றால், கிணறு வெட்டுகிறவனுக்குத் தண்ணீர் கீழே இருக்கிறது என்று ஞாபகம் இல்லாததுபோல. ஜெம்மா கேமராவை அவன் கையிலிருந்து வாங்கி, அலமாரியில் தன் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பின்ன நான் நெய்யாற்றின்கரையில குடுத்து நேராக்கணும்லா, பிள்ளே?"

"அந்த மெக்கானிக்குட்டயா? போன தடவ அவன் அதுக்குள்ள தும்மினான்."

அது உண்மை. ரேடியோ, மிக்ஸி, டார்ச் லைட், கேமரா எல்லாவற்றையும் ஒரே திருப்புளியால் குணப்படுத்துகிற மெக்கானிக் அவர். போன தடவை கேமராவைத் திறந்து, உள்ளே இரண்டு தும்மல் தும்மி, மூடிக் கொடுத்தார். கூடவே ஒரு சின்ன ஸ்க்ரூவையும் தாளில் மடித்துத் தந்து, "இது வேண்டாத ஸ்க்ரூ, கம்பெனிக்காரன் தெரியாம போட்டுட்டான்" என்றார். கேமராவைக் கேட்டு வாங்கி வருவதற்குள் கிரகோரி எத்தனை 'நாளை வா'வைப் பார்த்தான் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ஜெயன் கப்பலுக்குத் திரும்பிப் போகவிருந்தான். தூத்துக்குடியிலிருந்து சிங்கப்பூர் போய்வருகிற சரக்குக் கப்பலில் ஜெயன் சமையல்காரன். கப்பல் தூத்துக்குடி வந்தால் ஓடி வந்து வீட்டில் தலையைக் காட்டுவான். கேமராவையும் பிளாஷையும் கிரகோரிக்கு வாங்கிக்கொண்டு வந்ததே அவன்தான். கூட ஒரு வாரண்டி கார்டும் உண்டு. உலகத்தில் எந்த ஊரில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் கொடுக்கலாம் என்று அதில் போட்டிருப்பதாக ஜெயன் படித்துச் சொன்னான். அந்தக் கார்டை ஜெம்மா பைபிளுக்குள் வைத்திருந்தாள்.

"ஜெயண்ணா, உள்ள ஒரு ரோல் உண்டு. வெளிச்சம் படாம எடுக்கணும். மறக்காம சொல்லணும்."

"பிள்ளே, நான் கப்பலுல கேப்டனுக்கே இட்டிலி குடுக்கவனாக்கும். இதைச் சொல்ல மாட்டனா?"

கிரகோரி முதலில் கொஞ்சம் வெளிறினான். பிறகு யோசித்தான். யோசிக்க யோசிக்க முகம் தெளிந்தது. மெக்கானிக் என்றால் மெக்கானிக்தானே! சிங்கப்பூர் மெக்கானிக்குக்கும் மூக்கு உண்டு, அவனும் தும்முவான். எப்படியும் பட்டப்பகலில் பின்மூடியைத் திறந்து, ரோலைச் சவ்வு மிட்டாய் மாதிரி இழுத்து வெளியே போடத்தான் போகிறான். சொன்னதைக் கேட்டுச் செய்கிற ஒரு சர்வீஸ்காரன் இந்த உலகத்தில் இருப்பான் என்று அவனுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. நம்முடைய ஊரில் வளர்ந்த ஆளுக்கு அப்படித் தோன்ற நியாயமும் இல்லை. அவனே பழைய துண்டில் கேமராவையும் பிளாஷையும் பொதிந்து, சந்தோஷமாக ஜெயன் கையில் கொடுத்தான்.

அதற்குப் பிறகு ராஜையா வாரத்தில் ஒருநாள் படியில் வந்து நின்றார்.

"சிங்கப்பூருல இருக்கு அண்ணா" என்பாள் ஜெம்மா.

"அங்க மழை உண்டுமா?"

"தெரியாது அண்ணா."

"நனையாம வச்சிருப்பாங்களா இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டு போவார்.

கிரகோரியோ பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தான். வெள்ளைக்காரன் சதி, சீனாக்காரன் அலட்சியம், ஏழைகளின் படமென்றால் அயல்நாட்டானுக்கு இளக்காரம் என்று நல்ல நீளமான பேச்சு. "நான் இதைச் சொல்லும்போ நீ பக்கத்துல நின்னு கண்ணைத் தொடைச்சா போரும்" என்று ஜெம்மாவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தான். ரோல் வீணாகித்தான் வரும் என்று இவருக்கு எப்படி இவ்வளவு நிச்சயம் என்று ஜெம்மாவுக்கு அப்போதுதான் முதல் தடவையாக ஒரு நெருடல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம், தூத்துக்குடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்த ஜெயன் வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நேராக ஸ்டுடியோவுக்கு வந்தான். ஜங்ஷனில் இறங்கும்போதே நாலு பேரிடம் சொல்லிவிட்டான். கொஞ்ச நேரத்தில் கடை நிறைந்துவிட்டது. வேதமாணிக்கம் சார் குடையோடு வந்து, இருந்த ஒரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்துத் தையல் கடையில் மலையாளம் கலந்து பேசுகிற ஷியாமளா கழுத்தில் டேப்போடு வந்தாள். ராஜையா வெள்ளை வேட்டி கட்டி, படியில் நின்றார்.

"எந்தா ஜெயா, மெஷின் நேரெயாயோ?" என்றாள் ஷியாமளா.

"நேரெயாயோன்னா கேக்குத? உக்காரு, சொல்லுதேன். இதெல்லாம் கேட்டாத்தான் நமக்குப் புத்தி வரும்." ஜெயன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "கடைன்னு சொல்லாத, ஏசி ஹால். கதவைத் தொறந்தா ஒரு பிள்ள குனிஞ்சு கும்பிட்டு 'சார்'ங்குது. நான் திரும்பிப் பாத்தேன், பெறத்தால யாராவது சார் நிக்காரான்னு. என்னைத்தான் சொல்லுது! கப்பலுல என்னை 'எலே'ன்னு மட்டும்தான் விளிப்பானுவ."

"பின்ன?"

"பின்ன குடிக்கத் தண்ணி. வெறும் தண்ணி இல்ல, ஐஸ் போட்டது. 'உள்ள ரோல் உண்டு, வெளிச்சம் படப்பிடாது'ன்னு சொன்னேன். அவ அதை எழுதி எடுத்தா, எனக்குத் திரும்ப வாசிச்சுக் காட்டினா. வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தன் வந்து, குழந்தையை வாங்குகது மாதிரி ரெண்டு கையிலயும் கேமராவை வாங்கினான். நேரே இருட்டறைக்குள்ள போயாச்சு!"

கிரகோரி கையிலிருந்த டீயைக் குடிக்காமலே கவுண்டரில் வைத்தான்.

"தும்மினானா?" என்று கேட்டாள் ஜெம்மா.

"மூக்கு வாய் எல்லாம் துணி கட்டியாக்கும் வேலையே! சொன்ன நாளுக்கு நான் போனேன். நாளைக்கு வான்னு சொல்லுவான்னு நெனச்சா, எடுத்து மேசையில வச்சிருக்கான். வச்சிட்டு 'சாரி'ங்கான். எங்க மெஷினால உங்களுக்குப் பாடாயிப்போச்சு, பொறுத்துக்கணும்னு சொல்லுதான். பாத்தியளா? எவனோ செய்ததுக்கு இவன் மன்னிப்புக் கேக்கான்!"

"நம்ம ஊருல செய்தவனே கேக்க மாட்டான்" என்றார் வேதமாணிக்கம் சார், எல்லாருக்கும் பொதுவாக.

"அதுதான் சொல்லுதேன். எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னான். கேமரா கல்யாணப் பொண்ணு மாதிரி புதுசா இருக்காம், ஷட்டர் தேய்ஞ்சதே இல்ல. சின்னதா ஒரு ஸ்க்ரூ மட்டும் உள்ள இல்லாம இருந்துது, அதுதான் லிவர் மாட்டிக்கிட்டதுன்னான். புதுசு போட்டிருக்கான். ஆனா பிளாஷுக்குத்தான் வயசாயிப்போச்சாம். கேமரா ஒருக்கா படம் எடுத்தா பிளாஷும் ஒருக்காதானே அடிக்கணும்? இது பத்துப் பதினைஞ்சு மடங்கு அடிச்சிருக்குன்னு கணக்கு வச்சுச் சொல்லுதான். எனக்கிட்ட கேக்கான்: இதுக்க முதலாளி கலங்கரை விளக்கத்துல வேலையான்னு!"

கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெயன் கிரகோரியின் தோளில் பெருமையாகத் தட்டினான்.

"நான் விட்டுக் குடுப்பனா? 'விழிஞ்ஞத்துல எங்களுக்குக் கலங்கரை விளக்கம் உண்டுதான், ஆனா இவரு எங்க ஊருக்க பெரிய போட்டோகிராபர்'னேன். அவனுக்கு மனசிலாவல்ல. படம் எடுக்காம இந்தப் பொத்தானை மட்டும் அமுக்கினாத்தான் இப்படி ஆவும்னு சொல்லி, பின்னால இருக்க பொத்தானைக் காட்டினான். யாரோ தெரியாம கைபட்டு அமுக்குதாங்க போலன்னு அவனே பாவம் பாத்து, பிளாஷை நேராக்கி, அந்தப் பொத்தான் மேல ஒரு மூடி போட்டு அடைச்சுத் தந்திருக்கான். காசு வாங்கல்ல. இனி நீரு எவ்வளவு அமுக்கினாலும் அடிக்காது, வேய்!"

நல்ல சர்வீஸ் என்றால் இதுதான். கேட்டதைச் செய்வது ஒரு சர்வீஸ். கேட்காததையும் செய்து, ஆளையும் சேர்த்துச் சரியாக்கி அனுப்புவது அதற்கும் மேலே.

ஒவ்வொருவராகக் கிரகோரியின் பெருவிரலைப் பார்த்தார்கள். கல்யாணங்களும் ஞானஸ்நானங்களும் டூர்களும் ஒவ்வொரு தலைக்குள்ளும் ஓடுவது ஜெம்மாவுக்குத் தெரிந்தது.

"அப்போ அந்தச் சத்தம்?" என்றாள் ஷியாமளா மெதுவாக. "டக்குன்னு ஒரு சத்தம் கேக்குமே? எனிக்கு அப்பவே ஒரு சம்சயம். ஷட்டர்ல இருந்து எச்சில் தெறிக்குமோன்னு!"

"மெஷின்..." என்று தொடங்கினான் கிரகோரி. அவன் கையில் ஜெயன் திணித்திருந்த புதிய வாரண்டி கார்டு இருந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று முத்திரை குத்தியிருந்தார்கள்.

"இரு, முடியல்ல" என்றான் ஜெயன். "உள்ள இருந்த ரோல் இதுக்கு மேலயும் கெடந்தா கெட்டுப்போவும்னு, அவனுவளே கழுவி, பிரிண்ட் போட்டு..." பையிலிருந்து ஒரு தடித்த கவரை எடுத்துக் கவுண்டரில் வைத்தான். "இந்தா! ஊட்டி!"

எல்லாரும் கவுண்டரை நெருக்கினார்கள். ஜெம்மா படங்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஏரிக்கரையில் வேதமாணிக்கம் சார். படகில் வேதமாணிக்கம் சார். குதிரை மேல் வேதமாணிக்கம் சார். குதிரையின் முகத்தில் வருத்தம். கண்ணாடி வீட்டுக்கு முன்னால் சாரும் அவருடைய மனைவியும். கண்ணாடி வீட்டுக்கு முன்னால் சார் மட்டும். தொப்பியோடு சார். தொப்பியைக் கையில் பிடித்தபடி சார். ஊட்டி என்று ஒரு ஊர் அவருக்குப் பின்னால் எங்கேயோ இருந்திருக்கலாம் என்று ஊகிக்கத்தான் முடிந்தது.

"லைட்டிங் கொள்ளாம், நல்லா வந்திருக்கு" என்றார் வேதமாணிக்கம் சார், தொண்டையைச் சரிசெய்துகொண்டு.

ராஜையா அன்றுதான் படியை விட்டு உள்ளே வந்தார். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, கடைசிப் படம் வரைக்கும் பொறுத்து நின்று பார்த்தார்.

"பிறவு அவ எங்க?" என்று கேட்டார்.

கிரகோரி தரையைப் பார்த்தான்.

"நின்னாளே. நான் பக்கத்துல நின்னேன். வெளிச்சம் எனக்க கண்ணுல அடிச்சுதே மக்கா."

அவர் சத்தம் போட்டிருந்தால் கிரகோரிக்கு ஏதாவது சொல்ல இருந்திருக்கும். அவர் ஜெம்மாவைத்தான் பார்த்தார். இத்தனை வருஷமாக யார் வந்தாலும் சொன்ன வார்த்தை ஜெம்மாவின் நாக்கு நுனிக்கு வந்தது. எனக்கும் சங்கடமாட்டுதான் இருக்கு. அவளால் சொல்ல முடியவில்லை. நிஜமாகவே சங்கடம் வந்த அன்று அந்த வார்த்தை எதற்கும் உதவாமல் போயிற்று.

அவள் படங்களைத் திரும்ப அள்ளி எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். இந்தத் தடவை வேதமாணிக்கம் சாரைப் பார்க்காமல் பார்த்தாள். அது லேசான வேலை இல்லை. எங்கும் அவரே நிறைந்திருந்தார். அவருடைய தோளுக்கு மேலே, கைக்கு அடியில், தொப்பிக்குப் பக்கத்தில் என்று மீந்துகிடந்த இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடினாள். தெரியாத ஊர்க்காரர்கள், ஐஸ் விற்கிறவன், யாரோ ஒருவருடைய குழந்தை.

பூப்பாத்தி பக்கத்தில் எடுத்த படத்தில் அவள் கை நின்றது.

சாரின் இடது காதுக்குப் பின்னால் ஒரு பெண். நீலச் சேலை, அதன் மேல் ஆம்பிளை ஸ்வெட்டர், தலையில் துவர்த்துத் துண்டு. ஒரு கையைத் தூக்கி, படத்துக்கு வெளியே யாரையோ கூப்பிட்டுக்கொண்டு, வாயைத் திறந்து நிற்கிறாள். நெற்றியில் விழுந்த முடிகூடத் தெளிவாக இருந்தது. யார் முக்கியம், யார் முக்கியம் இல்லை என்பதையெல்லாம் கிரகோரி இன்னும் அந்த லென்ஸுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"அண்ணா" என்றாள் ஜெம்மா. "இஞ்ச வாங்க."

ராஜையா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"என்னைத்தான் விளிக்குதா. நான் அங்கோட்டு மாறி நின்னு குதிரையைப் பாத்துட்டு இருந்தேன். போட்டோக்காரன் நம்மள எடுக்கப்போறான், ஓடி வாரும்னு சொல்லி... ஊரு கேக்க ஒரு விளி."

கிரகோரி மெல்ல நகர்ந்து இருட்டறைக்குள் போகப் பார்த்தான். ஜெம்மா வழியை மறித்து நின்றாள்.

"கவருக்குள்ள நெகட்டிவ் இருக்கு. நாளைக்குக் காலத்த முதல் பஸ்ஸுல திருவனந்தபுரம் கலர் லேபுக்குப் போணும். இந்த இடத்தை மட்டும் பெருசாக்கி, சட்டம் போட்டு, நீங்களே கையில கொண்டு அண்ணனுக்க வீட்டுல குடுக்கணும்."

"நாளைக்கு எனக்கு ஒரு..."

"ஒரு என்னது? மெஷின் கம்ப்ளைன்டா?"

ஷியாமளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்" என்று வேதமாணிக்கம் சார் எழுந்தார். "அது எனக்க படமாக்கும். என்னை வெட்டுகதுக்கு எனக்க சம்மதம் வேண்டாமா? கமிட்டியில ஒரு வார்த்த..."

ஜெம்மா கவுண்டரில் கிடந்த படங்களை வழித்துச் சேர்த்து, ஒரு கட்டாக அவர் கையில் வைத்தாள். ஒரு கையால் பிடிக்க முடியாமல் அவர் குடையைக் கீழே வைக்க வேண்டிவந்தது.

"சாரே, உங்களுக்கு வேற படம் இல்லாமலா?"

அதற்குப் பிறகு சிரித்தவர்களில் யார் முதலில் சிரித்தது என்று சாரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹெட்மாஸ்டராக இருந்த காலத்தில் அது அவருக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை.

கிரகோரி திருவனந்தபுரம் போனான். படமும் வந்தது. ஒரே ஒரு குறை. விஜயம்மாவின் கன்னமும் சாரின் காதும் அவ்வளவு நெருக்கமாக இருந்ததால், காதை வெட்டினால் கன்னத்தில் பாதி போகும். பெரிதாக்கிய படத்தில் அந்தக் காது ஒரு ஆப்பம் அளவுக்கு, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, படத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம் எப்போதோ முடிந்துபோயிருந்தாலும், படம் வந்ததற்கென்று ராஜையா தனியாக ஒரு ஜெபம் வைத்தார். மண் சுவரில் ஆணியடித்து, படத்தை மாட்டி, முல்லை மாலை போட்டிருந்தார். மாலை விஜயம்மாவின் தலையைச் சுற்றி வந்து காதின் மேலும் நன்றாக விழுந்திருந்தது. உயிரோடு இருக்கும்போதே ஒருவருடைய காதுக்கு மாலை விழுவதை அந்தப் பகுதியில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை. வந்தவர்கள் எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். சிலர் படத்தைப் பார்த்துவிட்டு வேதமாணிக்கம் சாரின் இடது பக்கம் வந்து நின்று, ஒத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜெபம் முடிந்ததும் வாசலில் எல்லாரும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ராஜையா சொன்னார். கிரகோரி கேமராவைத் தூக்கினான். பழக்கத்தில் பெருவிரல் பின்னால் போய், மூடி போட்ட பொத்தானில் முட்டி, திரும்பி வந்தது. வெளிச்சம் அடித்தது. கூடவே சின்னதாக, வறண்ட ஒரு சத்தம். ஸ்டுடியோவில் இத்தனை வருஷம் இருந்தும் ஷட்டரின் சத்தம் இப்படித்தான் இருக்கும் என்று ஜெம்மா அப்போதுதான் கவனித்துக் கேட்டாள்.

கூட்டம் கலைந்ததும் வேதமாணிக்கம் சார் ராஜையாவைச் சுவர் ஓரமாக ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

"ராஜையா, அந்தக் காது... கிரகோரிக்கிட்ட சொன்னா அதுக்கு மேல பெயிண்ட் வச்சு ஒரு பூ மாதிரி வரைஞ்சு தருவான். நான் பேசுகேன்."

ராஜையா படத்தை நிமிர்ந்து பார்த்தார். தூக்கிய கை. திறந்த வாய். அதற்கு நேராக அந்தக் காது.

"வேண்டாம் சாரே, அது அங்கயே இருக்கட்டு" என்றார். "காலத்த போனா நான் கெணத்துக்குள்ள. அவ நாளு முச்சூடும் பேசுவா, மேல நின்னுக்கிட்டு. எனக்குக் கீழ ஒண்ணும் கேக்காது. இனியாவது ஒருத்தர் பக்கத்துல இருந்து கேக்கட்டு."

சார் குடையை எடுத்துக்கொண்டு ஒற்றையடிப்பாதையில் இறங்கி நடந்தார். வளைவு திரும்புவதற்குள் இரண்டு தடவை அவர் தன் இடது காதைத் தடவிப் பார்த்துக்கொண்டதை ஜெம்மா கண்டாள்.